ஆறு வீடுகள் நான்கான கட்டடம்: நகர மையக் கலப்புப் பயன்பாட்டுத் திட்டம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

அமெரிக்காவில் நடுத்தர அளவுள்ள ஒரு நகரம். அதன் மையக் கடைத்தெருவில், 1920-களுக்கு முன் எழுப்பிய மூன்று தளச் செங்கல் கட்டடம். முகப்பு 30 அடி, ஆழம் 90 அடி. தளத்துக்கு 2,700 சதுர அடி. வெளிச்சுவர்கள் செங்கல், உள்ளே தளம், கூரை எல்லாம் மரச்சட்டம். இடப்பக்கச் சுவர் பக்கத்துக் கட்டடத்தோடு பொதுச்சுவர். வலப்பக்கச் சுவர் மனையின் எல்லைக்கோட்டிலேயே நிற்கிறது. அதைத் தாண்டினால் வேறொருவருக்குச் சொந்தமான திறந்தவெளி பார்க்கிங். பின்னால் 16 அடி அகலப் பொதுச்சந்து.

வாங்கியவர்கள் ஒரு தம்பதி. அதற்கு முன் தனி வீடுகளை வாங்கிப் புதுப்பித்து விற்றவர்கள். கடையும் வீடும் சேர்ந்த கட்டடம் இதுவே முதல் முறை. தரைத்தளத்தில் உணவகம், மேலே இரண்டு மாடிகளிலும் மாடிக்கு மூன்றாக ஆறு வாடகை வீடுகள் என்பது அவர்கள் திட்டம். வங்கிக் கடனும் ஆறு வாடகை வரும் என்ற கணக்கில்தான் கேட்கப்பட்டிருந்தது. விற்பனை ஒப்பந்தம் முடிந்த பிறகே வரைபடம் போட எங்கள் அலுவலகத்துக்கு வந்தார்கள். சம்பந்தப்பட்ட ஆட்கள், நகரம் எதையும் இங்கே பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை.

வரும்போது அவர்கள் கையில் நகரத்தின் மண்டல அலுவலகம், அதாவது எந்த இடத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்று வகுக்கும் அலுவலகம், தந்த ஒரு கடிதம் இருந்தது. அந்த மனை நகர மையக் கலப்பு மண்டலத்தில் இருக்கிறது, கீழே உணவகமும் மேலே குடியிருப்பும் தனி அனுமதி எதுவும் கேட்காமலே வைக்கலாம் என்று அதில் தெளிவாக எழுதியிருந்தது. அனுமதி கிடைத்துவிட்டது என்றே அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். பின்னால் வந்த தாமதத்தில் பாதி இந்த ஒரு எண்ணத்திலிருந்து வந்ததுதான்.

மண்டல விதி கேட்பது, இந்த இடத்தில் என்ன தொழில் நடக்கலாம், எவ்வளவு உயரம் எழும்பலாம், வண்டியை எங்கே நிறுத்துவீர்கள் என்பதை. கட்டட விதித்தொகுப்பு கேட்பது வேறு: உள்ளே எத்தனை பேர் இருப்பார்கள், அவர்கள் தூங்குவார்களா விழித்திருப்பார்களா, தீப்பிடித்தால் எந்த வழியாக வெளியே வருவார்கள். ஒரே நகராட்சிதான், ஆனால் இரண்டும் தனித்தனி அலுவலகங்கள், தனித்தனிச் சட்டங்கள். ஒன்று சரி என்று சொன்னால் மற்றது கட்டுப்படாது.

பழைய சான்றிதழில் இருந்தது

முதல் வேலையாகக் கட்டடத்தின் கடைசிப் பயன்பாட்டுச் சான்றிதழைக் கேட்டு வாங்கினோம். தரைத்தளம் சில்லறைக் கடை, முதல் மாடி அலுவலகம், இரண்டாம் மாடி சரக்குக் கிடங்கு. குடியிருப்பு என்ற சொல்லே அதில் இல்லை.

தம்பதிக்கு இது அதிர்ச்சி. இரண்டாம் மாடியில் பழைய சமையல் தொட்டியும் குளியல் தொட்டியும் கிடந்தன. அங்கே ஆள் குடியிருந்ததாக விற்றவரும் சொல்லியிருந்தார். “ஆள் இருந்த மாடிதானே, அப்புறம் எதற்குப் புதிதாக எல்லாம் கேட்கிறார்கள்?” என்றார் கணவர். கேள்வி நியாயமானதுதான். ஆனால் குடியிருந்ததற்கு அனுமதி ஆவணம் ஏதும் இல்லை. இருந்திருந்தாலும், முன்பிருந்த பயன்பாட்டைத் தொடரும் உரிமை, குறிப்பிட்ட காலம் இடம் காலியாகக் கிடந்தால் போய்விடும் என்று அந்த ஊர் மண்டலச் சட்டம் சொல்கிறது. மாடி அதைவிட நீண்ட காலம் பூட்டிக் கிடந்தது. அதோடு, அப்படிப்பட்ட உரிமை மண்டல விதிக்குள் மட்டும்தான் செல்லும். தீப்பாதுகாப்புக்கு அது கவசம் ஆகாது.

ஆக, சட்டத்தின் கண்ணில் இது வீடுகளைப் புதுப்பிக்கும் வேலை இல்லை. கடையை உணவகமாகவும், அலுவலகத்தையும் கிடங்கையும் வீடாகவும் மாற்றும் வேலை. பயன்பாட்டு மாற்றம் என்று பெயர் விழுந்தவுடன் பழைய கட்டடத்துக்குக் கிடைக்கும் சலுகைகளில் பல கைவிட்டுப் போகும்.

எது ஏறியது, எது இறங்கியது

நகரம் அப்போது சர்வதேசக் கட்டட விதித்தொகுப்பின் 2018 பதிப்பையும், அதே ஆண்டின் பழைய கட்டடங்களுக்கான தொகுப்பையும் பின்பற்றிக்கொண்டிருந்தது. பெயர்தான் சர்வதேசம், பெரும்பாலும் அமெரிக்க மாநிலங்களும் நகரங்களும் தங்கள் திருத்தங்களோடு ஏற்றுக்கொள்ளும் மாதிரிச் சட்டம் அது.

பழைய கட்டடத் தொகுப்பு ஒரு பயன்பாட்டு மாற்றத்தை ஒரே தராசில் நிறுப்பதில்லை. தப்பிக்கும் வழிக்கு ஒரு ஆபத்துப் பட்டியல், உயரத்துக்கும் பரப்புக்கும் ஒன்று, வெளிச்சுவருக்கு ஒன்று என மூன்று பட்டியல்கள். புதிய பயன்பாடு பட்டியலில் ஆபத்து கூடிய படிக்குப் போனால் அந்த விஷயத்தில் புதுக் கட்டடத்துக்கான விதி முழுதாகப் பொருந்தும். அதே படியிலோ குறைந்த படியிலோ இருந்தால், இருப்பதை அப்படியே ஏற்கலாம்.

உயரமும் பரப்பும் பட்டியலில் ஏறின. ஆனால் மூன்று தளம், 2,700 சதுர அடி என்பது புதுக் கட்டடத்துக்கான வரம்புக்குள்ளேயே அடங்கியதால் பிரச்சினை இல்லை. தப்பிக்கும் வழியில் அலுவலகத்திலிருந்து வீடு என்பது ஒரு படி ஏற்றம். மாடிப்படி, வெளியேறும் கதவு எல்லாம் புது விதிக்கு உட்பட்டாக வேண்டும். வெளிச்சுவரில்தான் எங்களுக்கு ஆச்சரியம். அலுவலகமும் வீடும் அந்தப் பட்டியலில் ஒரே படி. கடையும் கிடங்கும் அதைவிட ஆபத்தான படி. எனவே இந்தப் பட்டியலில் எதுவுமே ஏறவில்லை.

இதன் பலன் பெரியது. எல்லைக்கோட்டிலிருந்து 3 அடிக்குள் இருக்கும் சுவரில் புதிதாக ஜன்னல் வைக்கவே விதித்தொகுப்பு விடாது. நம் வலப்பக்கச் சுவர் எல்லைக்கோட்டிலேயே நிற்கிறது, அதில் ஜன்னல்கள் இருக்கின்றன. பட்டியல் ஏறாததால் அவை இருந்தபடியே இருக்கலாம். முன்பு எப்போதோ செங்கல் வைத்து அடைத்திருந்த இரண்டைத் திறக்க மட்டும் அனுமதி இல்லை. அடைத்தது அடைத்ததுதான் என்றார் வரைபட ஆய்வாளர்.

தீப்பிடித்தால் தானாகவே நீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர் பற்றி விவாதத்துக்கே இடமில்லை. வாடகை வீடுகள் வந்தால் கட்டடம் முழுவதும் வேண்டும். எந்த வகை என்பதில்தான் முடிவெடுக்க வேண்டியிருந்தது. நான்கு தளம் வரையுள்ள குடியிருப்புகளுக்கு, அமெரிக்கத் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கம் (என்.எஃப்.பி.ஏ.) வகுத்த என்.எஃப்.பி.ஏ. 13ஆர் என்ற எளிய முறை போதும். பரணையும் வேறு சில சிறு இடங்களையும் அதில் விட்டுவிடலாம், செலவு குறைவு. ஒப்பந்தக்காரர் அதையே போட்டு விலை கொடுத்திருந்தார். நாங்கள் முழு முறையான என்.எஃப்.பி.ஏ. 13-ஐக் கேட்டோம். காரணம், உணவகத்துக்கும் வீடுகளுக்கும் நடுவே இருக்கும் தளம். கட்டடம் முழுக்க 13 முறை இருந்தால் அந்தத் தளம் ஒரு மணி நேரம் தீயைத் தாங்கினால் போதும். 13ஆர் போட்டால் விதித்தொகுப்பு அதை ஸ்பிரிங்க்ளர் இல்லாத கட்டடமாகவே அந்தக் கணக்கில் பார்க்கும். இரண்டு மணி நேரம் தாங்க வேண்டும். பழைய மரச்சட்டத் தளத்தை இரண்டு மணி நேரத்துக்கு உயர்த்துவது, குழாயில் மிச்சப்படுத்தியதை விழுங்கிவிடும்.

நடு வீட்டின் பிரச்சினை

திட்டம் நின்றது இங்கேதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

30 அடிக்கு 90 அடி என்ற தளத்தில் மூன்று வீடு வைத்தால் ஒன்று தெருவைப் பார்க்கும், ஒன்று பின்சந்தைப் பார்க்கும், நடுவில் இருப்பது வலப்பக்க ஜன்னல்களை மட்டுமே நம்பி இருக்கும். கட்டடத்துக்கு ஒரே மாடிப்படி, முன்பக்கம், இடச்சுவரை ஒட்டி. ஒரே படியோடு வாடகை வீடுகளை அனுமதிக்கும் விதி ஒன்று உண்டு: தரைத்தளத்தை ஒன்றாம் தளமாக எண்ணி மூன்றாம் தளம் வரை, தளத்துக்கு நான்கு வீடு வரை, படியை அடையும் தூரம் 125 அடிக்குள், ஸ்பிரிங்க்ளர் கட்டாயம். இதுவரை எல்லாம் பொருந்தியது. ஐந்தாவது நிபந்தனையில் மாட்டிக்கொண்டோம். ஒவ்வொரு படுக்கையறைக்கும் அவசர வெளியேற்ற ஜன்னல் வேண்டும்.

அந்த ஜன்னலுக்கான அளவு கடினம் இல்லை: திறந்தால் 5.7 சதுர அடி இடைவெளி, உயரம் 24 அங்குலத்துக்கும் அகலம் 20 அங்குலத்துக்கும் குறையாமல், அடிக்கட்டை தரையிலிருந்து 44 அங்குலத்துக்கு மேல் போகாமல். பழைய ஜன்னல்களின் அளவு தாராளமாகப் போதும். ஆனால் அது பொதுவழியில் திறக்க வேண்டும். அல்லது பொதுவழிக்கு இட்டுச்செல்லும் முற்றத்தில் திறக்க வேண்டும். முன்தெரு பொதுவழி. பின்சந்தும் பொதுவழி, 10 அடிக்கு மேல் அகலமுள்ள, பொதுப் பயன்பாட்டுக்கு ஒப்படைக்கப்பட்ட இடம் என்பதால். வலப்பக்கம் இருப்பது அடுத்தவர் மனை. இன்று அது வெட்டவெளியாக இருந்தாலும் நாளை அவர் வேலி போடலாம், கட்டடமே கட்டலாம். தீயணைப்பு வீரர் ஏணி வைக்கும் இடம் என்று சட்டப்படி அதைக் கணக்கில் எடுக்க முடியாது.

எங்கள் முன் மூன்று வழிகள் இருந்தன.

பார்க்கிங் மனைக்காரரிடம் பேசி, சுவரை ஒட்டி 10 அடி அகலத்தில் எதுவும் கட்டமாட்டேன், அவசரத்தில் தெரு வரை நடக்க வழி விடுகிறேன் என்று பதிவு செய்த ஒப்பந்தம் வாங்குவது முதல் வழி. அவர் மரியாதையாகக் காதுகொடுத்துக் கேட்டார், ஆனால் மறுத்துவிட்டார். நகர மையத்தில் கட்டக்கூடிய நிலத்தில் 10 அடியை நிரந்தரமாக விட்டுக்கொடுக்க யார்தான் முன்வருவார்? தம்பதிக்கு வருத்தம். எனக்கென்னவோ அவர் பக்கம் நியாயம் இருப்பதாகவே பட்டது.

பின்பக்கம் இரண்டாவது மாடிப்படி போடுவது அடுத்த வழி. அப்போது அவசர ஜன்னல் நிபந்தனையே விழாது. ஆனால் படிக்கூண்டும், இரண்டு படிகளையும் இணைக்கும் நடைவழியும் மாடியில் இடத்தைத் தின்னும். தரைத்தளத்தில் உணவகத்தின் சமையலறையையும் வெட்டும். கணக்குப் போட்டால் மூன்று வீடுகளும் ஆளுக்குச் சுமார் 600 சதுர அடிக்குச் சுருங்கின.

மூன்றாவது வழி, நடு வீட்டையே விட்டுவிடுவது. மாடிக்கு இரண்டு, மொத்தம் நான்கு வீடுகள், ஒவ்வொன்றும் சுமார் 1,000 சதுர அடி. படுக்கையறைகள் தெருவையோ பின்சந்தையோ பார்க்கும். பக்கச்சுவர் ஜன்னல்கள் கூடத்துக்கும் சமையலறைக்கும் கூடுதல் வெளிச்சம் தரும்.

தம்பதி முதலில் இரண்டாவது வழியைத்தான் கேட்டார்கள். ஆறு வாடகையைக் காப்பாற்றும் ஒரே வழி அதுதானே. அதை வேண்டாம் என்று நாங்கள் வாதிட்ட காரணம் மாடிப்படி இல்லை. நகரம் ஏற்றிருந்த சொத்துப் பராமரிப்பு விதியில், ஆள் புழங்கும் ஒவ்வொரு அறைக்கும் வெளிப்புறம் பார்த்த ஜன்னல் ஒன்றாவது வேண்டும். ஜன்னலுக்கு எதிரே 3 அடிக்குள் சுவர் வந்துவிட்டால் அது வெளிப்புறம் பார்த்ததாகக் கணக்கில் வராது. பக்கத்து மனையில் எல்லையை ஒட்டி ஒரு கட்டடம் எழுந்த அன்றைக்கே நடு வீடுகள் இரண்டும் சட்டப்படி வீடாக இருக்கத் தகுதி இழக்கும். கட்டமாட்டேன் என்று சொல்ல அந்த மனைக்காரர் இப்போதுதான் மறுத்திருக்கிறார். இதைக் கேட்டதும் மனைவி, “சரி, நான்கே போதும். வங்கிக்கு நான் பேசுகிறேன்” என்றார்.

மண்டல அலுவலகத்தில் மீண்டும்

வீடுகள் குறைந்ததில் ஒரு லாபம் பார்க்கிங். நகர மைய உணவகங்களுக்கு அந்த ஊரில் நிறுத்துமிட நிபந்தனை இல்லை. வீட்டுக்கு ஒன்று மட்டும் கேட்டார்கள். கட்டடம் மனை முழுவதையும் அடைத்துக்கொண்டிருப்பதால் சொந்த இடம் பூஜ்யம். விதிவிலக்கு கேட்டுப் போனால் பொது அறிவிப்பு, விசாரணை, வாரியத்தின் முடிவு என்று நாள் ஓடும். அதோடு, கஷ்டம் மனையின் இயல்பால் வந்தது, விண்ணப்பதாரர் தானாக வரவழைத்துக்கொண்டது இல்லை என்று காட்ட வேண்டும். நாங்களே வீடு சேர்த்துவிட்டு இடமில்லை என்று நிற்பது பலவீனமான வாதம். நல்லவேளையாக, அருகில் லீஸ் எடுத்த இடத்தையும் சட்டம் ஏற்றது. கட்டாத நிலத்துக்கு ஒப்பந்தம் தர மறுத்த அதே மனைக்காரர், நான்கு இடங்களை லீஸுக்குத் தரத் தயங்கவில்லை. மாத வாடகை வருமானம் வேறு, நிரந்தர உரிமை வேறு என்பது அவர் கணக்கு.

முகப்புக் கதவு

உணவகத்தில் சாப்பிடும் பகுதி 1,350 சதுர அடி. மேசை நாற்காலி போட்ட இடத்தில் ஆளுக்கு 15 சதுர அடி என்று விதித்தொகுப்பு எண்ணும். அதன்படி 90 பேர். சமையலறைக்கு ஆளுக்கு 200 சதுர அடி, அங்கே நான்கு பேர். 50-ஐத் தாண்டியதால் உணவகம் பொதுக்கூடும் இட வகைக்குள் போனது. வெளியேறும் வழிகள் இரண்டு வேண்டும், கதவுகள் வெளிப்பக்கம் திறக்க வேண்டும், தாழ்ப்பாளுக்குப் பதில் தள்ளினால் திறக்கும் கம்பி வேண்டும். பின்வழி சமையலறைக்குள் புகுந்து போகக் கூடாது என்பதால் அதை ஒட்டித் தனி நடைவழி விட்டோம்.

முன்கதவில் மூன்று விதிகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டன. வெளியே திறக்க வேண்டும்; ஆனால் கதவு பொது நடைபாதைக்குள் நீளக் கூடாது. வாசலில் 5 அங்குலப் படி. சக்கர நாற்காலிக்கு 1:12 சாய்வு என்றால் 5 அடி நீளச் சாய்தளம் வேண்டும், அதையும் நடைபாதையில் வைக்க முடியாது. இதற்கு மேல், அந்தத் தெரு பாரம்பரியப் பகுதி என்பதால் முகப்பை மாற்ற அதற்கான குழு ஒப்புதல் தர வேண்டும். கதவை உள்ளே தள்ளி உள்ளடங்கிய முன்வாயில் ஒன்று அமைத்தால் முதல் இரண்டும் தீரும். மூன்றாவது என்ன சொல்லுமோ என்றுதான் தயக்கம். குழுவின் கோப்பில் இருந்த பழைய படம் ஒன்று காப்பாற்றியது. கட்டடத்தின் அசல் வாசல் உள்ளே தள்ளியதாகத்தான் இருந்திருக்கிறது. இப்போதுள்ள தட்டையான அலுமினிய முகப்பு பின்னாளில் வைத்தது. அசலுக்குத் திரும்புகிறோம் என்றதும் குழு ஒரே அமர்வில் ஒப்புக்கொண்டது.

தீயணைப்பு வண்டியின் குழாயை மாட்டும் இணைப்பு எங்கே என்பதில் குழுவும் தீயணைப்புத் துறையும் மல்லுக்கட்டின. கண்ணில் படக் கூடாது என்றது ஒன்று, கண்ணில் பட்டே ஆக வேண்டும் என்றது மற்றது. தீயணைப்புத் துறை வென்றது. வேறு முடிவு வர வாய்ப்பே இல்லை.

சமையல் புகை போகும் வழி

எண்ணெய் பொரியும் அடுப்புக்கு மேல் வைக்கும், புகையை உறிஞ்சும் ஹூடிலிருந்து புகைக்குழாய் கூரைக்கு மேல் போயாக வேண்டும். வாய் கூரையிலிருந்து 40 அங்குலம் உயரத்தில் இருக்க வேண்டும். எல்லைக்கோட்டிலிருந்தும், காற்றை உள்ளிழுக்கும் திறப்புகளிலிருந்தும் 10 அடி தள்ளி இருக்க வேண்டும். நம் கட்டடத்தின் அகலமோ 30 அடி. இரு பக்கமும் பத்துப் பத்து அடி கழித்தால் மிஞ்சுவது நடுவில் ஒரு 10 அடிப் பட்டை மட்டும்.

பின்சுவருக்கு வெளியே ஏற்றிவிடலாம் என்றார் ஒப்பந்தக்காரர். அது பொதுச்சந்துக்குள் நீட்டிக்கொள்ளும். படுக்கையறை ஜன்னல்களை உரசிக்கொண்டும் போகும். உள்ளேதான் போக வேண்டும், தளங்களைக் கடந்து மேலே போகும், ஒரு மணி நேரத் தீத்தடுப்புள்ள செங்குத்துக் கூண்டான ஷாஃப்டுக்குள். நான்கு தளத்துக்குக் குறைவு என்பதால் ஒரு மணி நேரம். நான்கு தளம் என்றால் இரண்டு. நடு வீடு போனதால் விடுபட்ட இடத்தில் அந்த ஷாஃப்டை நிறுத்தினோம். குழாயைச் சுத்தம் செய்யும் திறப்புகளைப் பொது நடைவழிப் பக்கம் வைத்தது வேண்டுமென்றேதான். வீட்டுக்குள் வைத்தால் குடித்தனக்காரர் கதவைத் தட்டி அனுமதி வாங்கி உள்ளே போக வேண்டும். அப்படிப்பட்ட சுத்தம் ஒத்திப்போடப்படும். ஒத்திப்போட்ட எண்ணெய்ப் படிவுதான் தீ.

உணவகம் யார் நடத்துவார் என்று அப்போது முடிவாகவில்லை. இருந்தும் ஷாஃப்டை முதலிலேயே கட்டச் சொன்னோம். வீடுகளில் ஆள் குடிவந்த பின் இரண்டு தளத்தைத் துளைப்பது யாருக்கும் நடக்கிற காரியம் இல்லை.

தூணும் உள்கூரையும்

உணவகத்தின் உள்கூரை அச்சுப் பதித்த பழைய தகரம், அழகானது. மேல்தளம் ஒரு மணி நேரம் தாங்க மரச்சட்டத்தின் அடியில் தீத்தாங்கும் ஜிப்சம் பலகை வேண்டும். தகரத்தைக் கழற்றி எண் போட்டு வைத்து, பலகை அடித்த பின் மீண்டும் பொருத்தினார்கள். சில துண்டுகள் கழற்றும்போதே உதிர்ந்தன.

பலரும் விட்டுவிடுவது இதற்கு அடுத்தது. ஒரு தளம் ஒரு மணி நேரம் தாங்க வேண்டும் என்றால் அதைத் தாங்கும் தூணும் உத்திரமும் அதே நேரம் தாங்க வேண்டும். நடுவரிசையில் நின்ற வார்ப்பிரும்புத் தூண்களுக்கு எந்தக் காப்பும் இல்லை. பலகை கட்டி மூடினால் உணவகத்தின் முகமே போய்விடும். சூடேறினால் உப்பிக் காப்பாகும் பூச்சைத் தேர்ந்தெடுத்தோம். செலவு அதிகம்தான்.

இடப்பக்கப் பொதுச்சுவரில் மேற்பூச்சைத் தட்டியபோது, பக்கத்துக் கட்டடத்துக்குள் போகும் பழைய வாசல் ஒன்று வெறும் பட்டிகையும் சுண்ணாம்புமாக அடைக்கப்பட்டிருந்தது தெரிந்தது. செங்கல் வைத்துக் கட்டினார்கள்.

மாடிப்படியில் எதிர்பாராத திருப்பம்

பழைய படி செங்குத்தானது: ஏற்றம் 8 அங்குலம், மிதி 9 அங்குலம். புது விதி ஏற்றம் 7-க்கு மிகாமலும் மிதி 11-க்குக் குறையாமலும் கேட்கும். சாய்வைக் குறைக்க இடமே இல்லை என்றால் பழைய படியை விட்டுவைக்கலாம் என்று பழைய கட்டடத் தொகுப்பு சலுகை தருகிறது. ஆறு வீட்டு வரைபடத்தில் அந்தச் சலுகை எங்களுக்கு உண்டு. நான்கு வீட்டு வரைபடத்தைப் பார்த்த ஆய்வாளர், “இப்போதுதான் இடம் இருக்கிறதே” என்றார்.

மறுத்துப் பேச ஒன்றுமில்லை. தரைத்தள உயரம் 14 அடி. 7 அங்குல ஏற்றத்தில் 24 ஏற்றங்கள். 12 அடி உயரத்துக்கு மேல் இடைமேடை இல்லாமல் படி ஏறக் கூடாது என்பதால் நடுவில் ஒரு மேடை. முன்பக்க வீடுகளின் கூடத்திலிருந்து கணிசமான இடம் போனது. ஒரே படியை நம்பி நான்கு குடும்பங்கள் இருக்கப்போகும் கட்டடத்தில் அந்தப் படி நன்றாக இருக்க வேண்டும் என்ற ஆய்வாளரின் பார்வையைக் குறை சொல்ல முடியவில்லை. தம்பதிக்கு மட்டும் அது இரட்டை அடியாகத் தெரிந்தது.

கட்டுமானமும் இறுதி ஆய்வும்

ஸ்பிரிங்க்ளருக்காகத் தெருக் குழாயிலிருந்து புதிய இணைப்பு. சாலையை வெட்ட அனுமதிக்குக் காத்திருந்ததுதான் நீண்ட இடைவெளி. நீரழுத்தச் சோதனையில் பம்பு தேவையில்லை என்று தெரிந்தது நல்ல செய்தி.

இறுதி ஆய்வில் மாட்டியது சின்ன விஷயம். குழாய் வேலைக்காரர் உணவகத்தின் உள்கூரை வழியே பிளாஸ்டிக் கழிவுக் குழாய்களைக் கொண்டுபோன துளைகளில் தீத்தடுப்பு அடைப்பான் போடவில்லை. பிளாஸ்டிக் குழாய் தீயில் உருகி விழுந்தால் அந்தத் துளையே புகைபோக்கி ஆகிவிடும். மீண்டும் பொருத்திய தகரத்தை அந்த இடங்களில் திரும்பக் கழற்றி, சூட்டில் விரிந்து துளையை மூடும் வளையங்களைப் போட்டார்கள்.

விளைவு

தரைத்தளத்தில் ஸ்பிரிங்க்ளரும் தளப் பிரிப்பும் முடிந்திருந்ததால், உணவகம் தயாராகும் முன்பே மாடிகளுக்குத் தற்காலிகப் பயன்பாட்டுச் சான்றிதழ் கிடைத்தது. நான்கு வீடுகளும் வாடகைக்குப் போயின. பெரிய வீடுகள் என்பதால் ஒவ்வொன்றுக்கும் கூடுதல் வாடகை வந்தாலும் ஆறு வீட்டுக் கணக்கை அது எட்டவில்லை. வங்கி கடன் தொகையைக் குறைத்தது, தம்பதி சொந்தப் பணத்தைக் கூட்டினார்கள். முதலில் பேசிவைத்த உணவகக்காரர் தாமதத்தில் விலகிப் போனார். அடுத்து வந்தவர் பொரிக்கும் அடுப்புகளோடு வந்தார். ஷாஃப்ட் தயாராக இருந்ததால் மாடியில் ஒரு ஆணி கூட அடிக்காமல் அவர் வேலை முடிந்தது. கூரை விசிறியின் அதிர்வு பற்றி பின்பக்க இரண்டாம் மாடி வீட்டிலிருந்து புகார் வந்தது. விசிறிக்கு அடியில் அதிர்வு தாங்கிகளை மாற்றிய பிறகு குறைந்தது, முழுதாக நிற்கவில்லை.

அடுத்த முறை மாற வேண்டியவை

விற்பனை ஒப்பந்தத்தில் ஆய்வுக் காலம் என்று ஒன்று இருந்தது. அது கூரை ஒழுகலையும் அடித்தளத்தையும் பார்ப்பதில் கழிந்தது. அந்தக் காலத்துக்குள் விதி ஆய்வும் நடந்திருக்க வேண்டும். முழு வரைபடம் தேவையில்லை. கடைசிப் பயன்பாட்டுச் சான்றிதழ், எல்லைக்கோடு காட்டும் நில அளவைப் படம், தளத்தின் அளவு ஆகிய மூன்றும் இருந்தால் நடு வீடு நிற்காது என்பதை ஒரே உட்காரலில் சொல்லிவிடலாம். விலை பேசும்போதே நான்கு வீட்டுக் கணக்கில் பேசியிருப்பார்கள்.

மண்டலக் கடிதம் கேட்கும் அதே நாளில் கட்டட அலுவலகம், தீயணைப்புத் துறை, பாரம்பரியக் குழு மூன்றையும் ஒரே மேசையில் உட்காரவைக்கும் முன்கூட்டம் கேட்க வேண்டும். பல நகரங்கள் விண்ணப்பத்துக்கு முன் இதைத் தருகின்றன. தீயணைப்பு இணைப்பின் இடம் பற்றிய மல்லுக்கட்டு அங்கேயே முடிந்திருக்கும்.

மாடிப்படி விஷயத்தில் எங்கள் அலுவலகம் இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறது. இடம் இல்லை என்ற காரணத்தில் பெற்ற சலுகைகளை வரைபடத்தில் தனியாகக் குறிக்கிறோம். வீடு குறைந்தாலோ சுவர் நகர்ந்தாலோ, அந்தக் காரணம் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று அதைப் பார்த்தே சரிபார்க்கிறோம். தளப் பிரிப்பில் துளை போடும் ஒவ்வொரு தொழிலாளியும் மூடும் முன் படம் எடுத்துத் தர வேண்டும் என்பதும் இப்போது ஒப்பந்தத்தில் இருக்கிறது. உள்கூரை மூடுவதற்கு முன் அந்தப் படங்களைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவது தள மேற்பார்வையாளரின் பொறுப்பு.